ஏழாம் நம்பர் மலையும் ஒரு நாள் பேரும்



பிரான்ஸின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் 319 ஊர்கள் உண்டு. எந்த ஊரில் எந்த வகைத் திராட்சையை எந்தத் தேதியிலிருந்து பறிக்கலாம் என்று அங்கே ஆண்டுதோறும் முறைப்படி அறிவிப்பார்கள். அனுமதியில்லாமல் அந்தத் தேதிக்கு முன்னால், தோட்டத்துக்குச் சொந்தக்காரரே ஆனாலும், ஒரு குலை வெட்ட முடியாது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோ அந்த நாள் வந்ததும் ஏறத்தாழ 1 லட்சம் பேர் கத்தரிகளோடு கொடி வரிசைகளுக்குள் இறங்குவார்கள். ஏறக்குறைய மூன்று வாரத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு ஊருக்கு ஊர் விருந்து நடக்கும். பறிக்க வந்தவர்கள் தத்தம் இடங்களுக்குத் திரும்பிவிடுவார்கள். அடுத்த பறிப்புக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஆனால் இலங்கையில், கண்டிப் பக்கத்து ஹேவாஹெட்டத் தேயிலை மலைகளில் அறுவடைக்குத் தொடக்க நாளும் இல்லை, கடைசி நாளும் இல்லை. தேயிலைத் தூர் ஒன்றில் இன்று கொழுந்து பறித்தால் ஏழு எட்டு நாளில் அதே தூரில் மறுபடி பறிக்கும் பருவம் வந்துவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 45 முறை ஒரே தூருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். மழை நாளும் பனி நாளும் பறிப்பு நாள்தான். தைப்பொங்கல், தீபாவளி போன்ற சில நாட்களைக் கழித்தால் மலை என்றைக்கும் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு பயிர் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிடுகிறது என்பது விவசாயக் கணக்கு போலத்தான் தோன்றும். ஆனால் மலையகத் தமிழர் என்று இன்று அறியப்படும் ஒரு சமூகமே இந்தக் கணக்கிலிருந்துதான் உருவானது. அந்தக் கணக்கு தொடங்கிய இடம் இந்த அவைக்கு மிக அருகில் இருக்கிறது.

தெல்தோட்டைக்கு மேலே ஏறினால் வரும் லூல்கந்துர தோட்டம்தான் அந்த இடம். கந்துர என்றால் சிங்களத்தில் மலையோடை. நம்மவர் விரால் என்று சொல்லும் லூலா மீன் ஓடிய ஓடை அது என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அங்கே 19 ஏக்கர் பரப்புள்ள ஒரு நிலத்தை இன்றும் ஏழாம் நம்பர் மலை என்றே அழைக்கிறார்கள். இலங்கையில் விற்பனைக்கென்று முதன்முதலில் தேயிலை நட்ட நிலம் அதுதான். ஆண்டு 1867. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டில்தான்.

நட்டவர் ஜேம்ஸ் டெய்லர். ஸ்காட்லாந்தின் ஓக்கன்பிளே என்ற சிற்றூரில் 1835இல் பிறந்து, 1852இல், 17 வயது நிரம்பும் முன்பே, கோப்பித் தோட்டத்துச் சின்னத்துரையாக வேலைக்கு வந்தவர். அதன்பின் சாகும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், லூல்கந்துரவை விட்டு அவர் பெரிதாக எங்கும் போகவில்லை. 1874இல் தேயிலை வேலையைப் பார்த்து வருவதற்காக டார்ஜிலிங் சென்றது அவர் எடுத்த அரிதான விடுப்புகளில் ஒன்று.

டெய்லரை இலங்கைத் தேயிலையின் தந்தை என்பார்கள். அவருக்கு முன்பும் இத்தீவில் தேயிலைச் செடி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1824இல் சீனாவிலிருந்து வந்த செடிகள் பேராதனைப் பூங்காவில் வைக்கப்பட்டன. 1839இல் அஸ்ஸாம் விதைகள் வந்தன. 1841இல் மொரிஸ் வோர்ம்ஸ் என்பவர் புசல்லாவையில் ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் சீனச் செடிகளை நட்டுப் பார்த்தார். ஆனால் அவை வணிகமாக வளரவில்லை. ஷாம்பெய்னிலும் இப்படி ஒரு தந்தைக் கதை உண்டு. ஓவிலே மடத்தில் 1668 முதல் 1715 வரை மதுக் கிடங்குப் பொறுப்பில் இருந்த தொம் பெரினியோன் என்ற துறவிதான் நுரைக்கும் மதுவைக் கண்டுபிடித்தார் என்று உலகம் நம்புகிறது. உண்மையில் அவர் கைதேர்ந்திருந்தது வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளைக் கலக்கும் கலையில். போத்தலுக்குள் மது நுரைக்காமல் இருக்கவே அவர் காலத்தவர்கள் பாடுபட்டார்கள். பலரது கை வேலை ஒருவர் பேரில் எழுதப்படுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். டெய்லரின் உழைப்பு மெய்யானது. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது அவரோடு வேலை செய்தவர்களையும் பேசாவிட்டால் வரலாறு பாதியில் நின்றுவிடும்.

டெய்லர் வந்தபோது இந்த மலைகளெல்லாம் கோப்பி. 1820களில் கம்பளைப் பக்கத்துச் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கியது, 1870 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் அந்தர் ஏற்றுமதியாகும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கண்டி மன்னர் காலத்துக் காடுகளை வெட்டி எரித்துத்தான் அத்தனையும் நட்டார்கள்.

கோப்பியின் அறுவடை திராட்சையின் அறுவடையைப் போன்றது. ஆண்டுக்கு ஒரு பருவம்தான். ஆகஸ்ட் தொடங்கிச் சில மாதங்கள் பழம் பறிக்க ஆள் வேண்டும், மற்ற மாதங்களில் அத்தனை பேர் வேண்டாம். ஆகவே இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் மட்டும் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே சுமார் 150 மைல் நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். தப்பி வந்தவர்கள் பழம் பறித்துக் கூலி வாங்கி, ஊரில் தங்கள் நெல் அறுப்புக்கு அதே பாதையில் திரும்பி நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் அவர்கள் விருந்தாளியாகவும் இல்லை, குடியாகவும் இல்லை. வந்து போகிற கைகளாக மட்டும் இருந்தார்கள்.

1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி ஒன்று தென்பட்டது. கோப்பித் துரு எனப்படும் அந்தப் பூஞ்சணம் முதலில் யாருக்கும் பெரிய பயத்தைத் தரவில்லை. இலை உதிரும், மறுபடி துளிர்க்கும், விளைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். புதிய நிலங்களில் கோப்பி நடுவதும் நிற்கவில்லை. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து ஆராய்ந்து, நோய் காற்றில் பரவும் வித்துகளால் வருவதைக் காட்டினார். மலைக்கு மலை ஒரே பயிர் தொடர்ந்து நிற்கும்போது காற்றுக்குத் தடையே இல்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் கோப்பியின் கதையும் முடிந்துபோயிருந்தது.

கோப்பித் துரு தென்பட்ட அதே பத்தாண்டில் பிரான்ஸின் திராட்சைக்கும் அழிவு வந்தது. 1860களின் நடுவில் தெற்குப் பிரான்ஸில் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. 1868இல் மொன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர் பிளான்ஷோன் வேரைத் தோண்டிப் பார்த்து, ஃபிலாக்ஸெரா என்ற மிக நுண்ணிய பேன் சாற்றை உறிஞ்சுவதைக் கண்டுபிடித்தார். அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி வந்த பூச்சி அது. அது 1890 வாக்கில் ஷாம்பெய்னின் மார்ன் பள்ளத்தாக்கையும் எட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் கண்ட வழி ஒட்டுக்கட்டுவது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின்மேல் தங்கள் பழைய திராட்சையை ஒட்டினார்கள். வேர் மாறியது, பழம் மாறவில்லை. பாட்டன் எந்தத் திராட்சையை எந்தச் சரிவில் பறித்தாரோ, பேரனும் அதையே அங்கேயே பறித்தான்.

ஹேவாஹெட்டவில் நடந்தது இதற்கு நேர்மாறு. பயிரையே தூக்கிவிட்டு வேறு பயிரை வைத்தார்கள். கோப்பி நின்ற குழியில் தேயிலையும், சில இடங்களில் சிங்கோனாவும் ஏறின. டெய்லர் சிங்கோனாவிலும் முன்னோடிதான். ஆனால் நின்றது தேயிலை. பயிர் மாறியதும் அறுவடையின் நாட்காட்டி மாறியது. ஆண்டுக்கு ஒரு பருவம் போய், வாரத்துக்கு ஒரு சுற்று வந்தது. வந்து போகிற கைகள் இனிப் போதவில்லை. குடும்பத்தோடு வந்து தங்கும் கைகள் வேண்டியிருந்தன. பெண்கள் வந்தார்கள், குழந்தைகள் வந்தார்கள், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் வரிசையாக எழுந்து லயங்களாயின. மாரியம்மன் கோயில் வந்தது, பிள்ளைக்காம்பரா வந்தது, பின்னர் ஒற்றை அறைப் பள்ளிக்கூடமும் வந்தது. துருநோய் வராமல் இருந்திருந்தால் இன்று மலையகத் தமிழர் என்றொரு மக்கள் கூட்டம் இந்த அளவில் இருந்திருக்குமா என்பது ஐயமே.

முதல் தேயிலையை டெய்லர் தம் பங்களா விறாந்தையில்தான் செய்தார். கச்சார்ப் பகுதியில் தேயிலை வேலை தெரிந்த ஒருவர் இந்த வழியாகப் போனபோது, பறிப்பதையும் வாட்டுவதையும் உருட்டுவதையும் காட்டிக் கொடுத்தார். மேசைமேல் இலையைப் போட்டு, உள்ளங்கையாலும் முழங்கைக்குக் கீழுள்ள கையாலும் அழுத்தி உருட்டினார்கள். கரியடுப்பின்மேல் கம்பிவலைத் தட்டை வைத்துக் காயவைத்தார்கள். 1872இல் முறையான தொழிற்சாலையும் அவரே வடிவமைத்த உருட்டு யந்திரமும் வந்தன. 1873இல் லண்டனுக்குப் போன முதல் சரக்கு 23 இறாத்தல். ஒரு பெண் இன்றைக்கு இரண்டு மூன்று நாளில் பறிக்கிற கொழுந்தில் கிடைக்கும் அளவு அது. 1900ஆம் ஆண்டுக்குள் தீவின் தேயிலை 3 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

இனி, பறிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வெளியிலிருந்து வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகும் காட்சிதான் அது. ஆனால் அந்த விரல்கள் என்ன முடிவு எடுக்கின்றன என்பது படத்தில் விழாது.

விடிந்ததும் பெரட்டுக்களம். யார் எந்த மலைக்கு என்று அங்கே பிரிப்பார்கள். முன்பு தப்படித்து எழுப்புவார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. பல தோட்டங்களில் கூடை போய் இப்போது நைலோன் பை வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு நிரை. தேயிலை வாதின் மேல்மட்டத்தில் ஓர் ஒற்றைக் கம்பைக் கிடத்துவார்கள். மட்டக்கம்பு என்பது அதுதான். கம்புக்கு மேலே தலைநீட்டிய கொழுந்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, எதை விட வேண்டும் என்பது. மொட்டு ஓய்ந்து நிற்கும் கிளையை முறித்துவிட வேண்டும், இல்லையேல் அது தூரின் வளர்ச்சியை நிறுத்தும். இரண்டாம் இலை முற்றியிருந்தால் அதை விட்டு மேலே கிள்ள வேண்டும். நகத்தால் நறுக்கக்கூடாது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒடிக்க வேண்டும். பிடித்த கொழுந்தைக் கைக்குள் இறுக்கினால் சூடேறிச் சிவந்துவிடும், தொழிற்சாலைக்குப் போகும் முன்பே அது கெட்ட தேயிலை. இத்தனையும் ஒரு விநாடியில் இரு கையாலும், அட்டை ஏறும் ஈரத்தில், நிற்கக் கால் வைக்க இடமில்லாத சரிவில் செய்கிற வேலை. இதைத் திறனற்ற வேலை என்று வகைப்படுத்தியவர்கள் ஒரு நாளாவது நிரையில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஷாம்பெய்னில் கையால் பறிப்பது சட்டம். குலை உடையாமல் அப்படியே ஆலைக்குப் போக வேண்டும், தோல் கிழிந்தால் கருந்திராட்சையின் நிறம் வெள்ளைச் சாற்றில் இறங்கிவிடும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லீற்றர் சாறு மட்டுமே எடுக்கலாம், அதற்கு மேல் பிழியக்கூடாது. முதலில் வரும் 2,050 லீற்றருக்கு ஒரு மதிப்பு, அடுத்த 500 லீற்றருக்கு வேறு மதிப்பு. கை வேலையின் மென்மையை ஒரு நாடு சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. நம் மலைகளில் அந்த மென்மை பாட்டியிடமிருந்து பேத்திக்கு வாய்மொழியாகவும் விரல்மொழியாகவும் வந்தது. எழுதி வைத்தவர்கள் குறைவு.

பறித்த கொழுந்தை நாளுக்கு இரண்டு மூன்று தடவை மடுவத்துக்குக் கொண்டுவந்து நிறுப்பார்கள். அங்கிருந்து இஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு. வாட்டும் தொட்டியில் கொழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்து துவளும். பிறகு உருட்டல், நொதிப்பு, அடுப்பு. கடைசியில் ஈரம் 3 சதவீத அளவுக்கு இறங்கும். நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆகும். கண்டிப் பக்கத்துத் தேயிலை பெரும்பாலும் நடுத்தர உயரத்தில் விளைவது. நுவரெலியாவின் மென்மணத்தை இதில் எதிர்பார்க்கக்கூடாது. செம்பு நிறமும் கனத்த சாறும் இதன் குணம். ஆண்டின் முதல் மாதங்களில், குளிரும் வெயிலும் கலந்து வரும்போது, இந்தப் பக்கத்து இலை சிறப்பாக இருக்கும். பால் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தேயிலை கிடைப்பது அரிது.

கவ்வாத்து ஆண்களின் வேலை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரை முழங்கால் உயரத்துக்கும் கீழே வெட்டிவிடுவார்கள். வெட்டும் முன் வேரில் மாச்சத்து சேர்ந்திருக்க வேண்டும். வேர்த்துண்டில் அயடின் தடவி, நிறம் கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. சாய்வாக, ஒரே வீச்சில், பட்டை கிழியாமல் கத்தி இறங்க வேண்டும். விழுந்த மிளாறு லயத்து அடுப்புக்குப் போகும். வேலை தொடங்கும் முன் மலையிலேயே ஒரு கல்லை நட்டுக் கவ்வாத்துசாமிக்குப் படைப்பது வழக்கம். தொழிற்சாலை யந்திரத்துக்கு ரோதைமுனி காவல். திராட்சை ஊர்களில் ஜனவரி 22ஆம் தேதி, கொடிக்காரர்களின் காவலரான புனித வின்சென்டின் உருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். கத்தியும் யந்திரமும் பனியும் உள்ள இடத்தில் மனிதன் தனியாக நிற்க விரும்புவதில்லை.

கூலிக்குத் தோட்டத்து மக்கள் வைத்திருக்கும் சொல்லை இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். ஒரு நாள் வேலை செய்து கூலி விழுந்தால் அதற்கு ‘பேர்’ என்று பெயர். இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்று கேட்பார்கள். குறித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காலையில் பிந்திப் போனால் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. பேர் எழுதப்படும் புத்தகம் செக்ரோல். காலையில் கணக்கப்பிள்ளை அதில் ஒருவர் பேரைக் குறித்தால் அன்று அவர் உழைத்தார் என்று பொருள், குறிக்காவிட்டால் அன்று அவர் உலகத்தில் இல்லை. ஒருவரின் பெயரும் ஒரு நாள் கூலியும் ஒரே சொல்லாகிப்போன வேறொரு தொழில் தமிழர் வாழ்வில் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் கூலி 2021இல்தான் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் ஆனது. 2024இல் 1,350 ரூபாய். ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. செல்வம் கொழிக்கும் ஷாம்பெய்னிலும் பறிப்பவரின் நிலை எப்போதும் நல்லதாக இல்லை. 2023 அறுவடையில் ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 50க்கும் மேற்பட்டோரை இழிந்த இருப்பிடத்தில் அடைத்து வேலை வாங்கியதற்காக, மூவரை ஆட்கடத்தல் குற்றவாளிகள் என்று 2025இல் பிரெஞ்சு நீதிமன்றம் தண்டித்தது. விலை உயர்ந்த போத்தலுக்கும் அதை நிரப்பிய கைக்கும் இடையில் எவ்வளவு தூரம் விழ முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆயினும் அங்கே வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது. நம் முன்னோர், தங்களைத் திரட்டி வந்த கங்காணியின் கடனிலும் அந்தக் கடனைக் குறித்த துண்டுச்சீட்டிலும் கட்டுண்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறிய காலத்தில், அவர்களுக்காக அப்படி ஒரு மன்றம் கூடவில்லை. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

பெயர் விஷயத்தில் ஷாம்பெய்ன்காரர்கள் காட்டிய பிடிவாதம் படிக்கத் தகுந்தது. 1911இல் அந்த வட்டாரமே பற்றி எரிந்தது. பெரிய மது நிறுவனங்களில் சில வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து, தங்கள் ஊர்ப் பெயரில் விற்பதாகக் கொடிக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆயி என்ற ஊரில் மதுக் கிடங்குகளை உடைத்தார்கள், மது தெருவில் ஓடியது, படை வந்தது. அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 1927இல் எல்லை சட்டமாக வரையப்பட்டது, 1936இல் பெயர்க் காப்பும் வந்தது. 2015இல் அந்தச் சரிவுகளும் கிடங்குகளும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அங்கே பெயருக்காகத் தெருவில் இறங்கியவர்கள் கொடியை வளர்த்தவர்களே.

இலங்கைத் தேயிலையின் பெயர் வேறு வழியில் போனது. 1883 ஜூலை 30ஆம் தேதி கொழும்பில் முதல் ஏலம் நடந்தது. ஏலப் பட்டியலில் தோட்டத்தின் பெயர் உண்டு. வாங்கியவர்கள் பல தோட்டத்து, பல நாட்டு இலைகளைக் கலந்து தங்கள் பெயரில் பெட்டியில் அடைத்தார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கியபின், உலகம் தேயிலையை லிப்டன் என்றே அழைத்தது. லூல்கந்துர என்ற பெயரும் ஹேவாஹெட்ட என்ற பெயரும் குடிப்பவரின் கோப்பைவரை போகவில்லை. இப்போது தேயிலைச் சபை கண்டி, நுவரெலியா, ஊவா, திம்புள, உடபுசல்லாவை, சப்பிரகமுவ, ருகுணு என்று ஏழு வட்டாரங்களைத் தனித்தனியே அடையாளப்படுத்துகிறது. சிங்க முத்திரையும் இருக்கிறது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவின் முதல் புவிசார் குறியீடே டார்ஜிலிங் தேயிலைக்குத்தான். டெய்லர் போய்ப் பார்த்து வந்த அதே டார்ஜிலிங். விற்பனைக்கென்று முதல் தூரை நட்ட இந்த மண்ணின் பெயருக்கும் அந்தக் காப்பு வேண்டும். வரும்போது, மலையின் உயரம், மண், மழை ஆகியவற்றோடு, கையால் பறிக்கும் முறையும் பறிப்பவரின் கூலியும் இருப்பிடமும் அதன் நிபந்தனைகளில் எழுதப்பட வேண்டும். கை வேலையைக் காட்டி விலை கேட்கும் பொருள் அந்தக் கையை மறந்தால் அது நேர்மையான வணிகம் ஆகாது.

பெயர் பறிபோனதைப் பற்றிப் பேசும்போது 1948ஐத் தாண்ட முடியாது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. செக்ரோலில் பேர் இருந்தது, வாக்காளர் பட்டியலில் இல்லை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கணக்கு 1974இல் முடிவானது. நிலச்சீர்திருத்தமும் 1970களின் பஞ்சமும் கண்டிப் பகுதித் தோட்டங்களை உலுக்கிய காலத்தில் பலர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு வேலை கொடுத்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்று கொழுந்து கிள்ளும் சில விரல்களின் பழக்கம் இந்த மலைகளில் கற்றது. இங்கே தங்கியவர்களில் கடைசியாக எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏழாம் நம்பர் மலையில் பழைய தூர்கள் இன்னும் நிற்கின்றன. பக்கத்தில் டெய்லரின் மரவீட்டுப் புகைபோக்கியின் எச்சமும், அவர் அமர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்ததாகச் சொல்லும் கல்லிருக்கையும் உண்டு. தோட்டம் அரசாங்கத்தின் ஜனவசம எனப்படும் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையிடம் இருக்கிறது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்ததன் அடி எல்லா மலையிலும் விழுந்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 25.1 கோடி கிலோவாகச் சரிந்தது. பல தோட்டங்களில் இளைஞர்கள் கண்டிக் கடைகளுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். நிரையில் நிற்பவர்கள் பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்கள். அவர்களோடு போகப்போகிற சொற்களும் நுட்பங்களும் எத்தனை என்று யாரும் கணக்கெடுத்து முடிக்கவில்லை.

டெய்லர் 1892 மே 2ஆம் தேதி லூல்கந்துரவிலேயே வயிற்றுக்கடுப்பால் இறந்தார். வயது 57. பாரமான உடம்பு, 246 இறாத்தல் என்று குறித்திருக்கிறார்கள். 24 பேர், பன்னிரண்டு பேராக இரண்டு அணியாகப் பிரிந்து, நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, அவரது சவப்பெட்டியை மலையிலிருந்து கண்டிக்குத் தூக்கி வந்தார்கள். பின்னால் கங்காணிகளும் தொழிலாளரும் நடந்தார்கள். அவரைச் சாமி துரை என்று அவர்கள் அழைத்ததாகச் சொல்வார்கள். மஹியாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது, கல்லில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கின்றன. தூக்கி வந்த 24 பேரில் ஒருவர் பெயரும் அந்தக் கல்லில் இல்லை. ஆனால் அவர்களின் பெயர்கள் எங்கோ எழுதப்பட்டிருந்தன. அந்த மாதத்துச் செக்ரோலில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே இந்த உரை ஒரு வேண்டுகோளோடு நிற்கிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலைக்குள் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. யந்திரங்களுக்கும் துரைமாரின் பொருட்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது நல்லதே. அதே கூரையின் கீழ் செக்ரோல் புத்தகங்களுக்கும் ஓர் அறை வேண்டும். தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டத் தோட்ட அலுவலகங்களின் பரணில் கறையான் அரித்துக்கொண்டிருக்கும் பழைய செக்ரோல், பிறப்பு இறப்புக் குறிப்பேடு, துண்டுச்சீட்டு எது கிடைத்தாலும் அதை அடுப்புக்கும் பழைய கடதாசிக் கடைக்கும் போகவிடாதீர்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளை அனுப்பி, வீட்டுப் பாட்டியிடம் பறிப்பு, கவ்வாத்து, மடுவம் பற்றிய சொற்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அடுத்த முறை ஏழாம் நம்பர் மலைக்கு ஓர் அறிவிப்புப் பலகை வைக்கும்போது, ஜேம்ஸ் டெய்லருக்குக் கீழே, செக்ரோலில் கண்டெடுத்த முதல் 24 பேரையாவது அவரவர் பேரோடு தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்.